பெயர்ப் பலகையில் ஒரு சொல்

ஓசூரிலிருந்து பெங்களூர் போகும் பஸ் ஜூஜூவாடியைத் தாண்டியதும் கடைப் பலகைகளில் எழுத்து மாறிவிடும். தமிழ் போய்க் கன்னடம் வரும். பெட்ரோல் விலை மாறும், போலீஸ் வண்டியின் நம்பர் பலகை மாறும், சாராயக் கடையின் சட்டம் மாறும். அத்திபெலேயில் இறங்கினால் பேச்சில் மட்டும் அவ்வளவு மாற்றம் தெரியாது. கன்னடம், தமிழ், தெலுங்கு மூன்றும் ஒரே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருக்கும். ஓசூரில் குடியிருந்துகொண்டு அத்திபெலே தொழிற்பேட்டையில் வேலை பார்ப்பவர்கள் காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை மாநிலம் மாறுகிறார்கள்.

அவர்களுடைய பேங்க் கணக்கு மாறுவதில்லை. சம்பளம் கர்நாடகத்தில் ஏறுகிறது, வீட்டு வாடகை தமிழ்நாட்டில் இறங்குகிறது. இரண்டுக்கும் சட்டம் ஒன்றுதான். அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணை வங்கித் தொழிலை மத்தியப் பட்டியலில் 45ஆம் இனமாக வைத்திருக்கிறது. அந்தத் தொழிலுக்குக் காவல் இந்திய ரிசர்வ் வங்கி. எல்லைக் கல்லுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அதன் பார்வை விழும்.

ஆனால் பணம் வாங்கும் எல்லாக் கடைகளுக்கும் இது பொருந்தாது. சிக்கல் தொடங்கும் இடம் அதுதான். இப்படி ஒரு ஊரின் கடைத்தெருவில் நடப்பவர் கண்ணில் நான்கு விதப் பலகைகள் படலாம். ஒன்று, எல்லோரும் அறிந்த அரசு வங்கியோ தனியார் வங்கியோ. இரண்டாவது, ‘சஹகார பேங்க்’ என்று கன்னடத்தில் எழுதிய கூட்டுறவு வங்கி. மூன்றாவது, ‘சௌஹார்த சஹகாரி’ என்று முடியும் ஒரு சங்கம். நான்காவது, சீட்டு கம்பெனியோ நகைக்கடன் நிறுவனமோ. உள்ளே போனால் எல்லா இடத்திலும் கண்ணாடித் தடுப்பும் கவுன்ட்டரும் இருக்கும். டெபாசிட் வாங்கும் இடங்களில் முத்திரை குத்திய ரசீதும் கிடைக்கும். மூன்றாவது இடத்தில் வட்டி கொஞ்சம் கூடுதலாகவே சொல்வார்கள். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்த இரண்டு லட்சத்தை எங்கே போடலாம் என்று கணக்குப் போடுகிற குடும்பம் அந்தக் கூடுதல் வட்டியைத்தான் பார்க்கும். பலகையின் பின்னால் காவல்காரர் யார் என்பதைப் பார்ப்பவர்கள் மிகக் குறைவு. அதைப் பார்க்கக் கற்றுக்கொடுப்பதே இந்தக் கட்டுரையின் வேலை.

முதலில், வங்கிக்குள் போன பணம் என்ன ஆகிறது?

நாம் போட்ட 100 ரூபாய் பெட்டகத்தில் நம் பெயர் எழுதி வைக்கப்படுவதில்லை. இன்றைய விதிப்படி அதில் 3 ரூபாயை வங்கி ரிசர்வ் வங்கியிடம் ரொக்கமாகக் கட்டிவைக்க வேண்டும். அதற்கு வட்டி கிடையாது. இன்னொரு 18 ரூபாயைப் பெரும்பாலும் அரசுக் கடன் பத்திரங்களில் வைக்க வேண்டும். அவசரம் என்றால் உடனே விற்றுக் காசாக்கலாம். மீதியில் பெரும்பகுதி கடனாக வெளியே போய்விடும். யாரோ ஒருவரின் வீடாக, லாரியாக, ஆலையின் எந்திரமாக, அது ஐந்து வருடம், பதினைந்து வருடம் கழித்துத்தான் முழுதாகத் திரும்பும். சேமிப்புக் கணக்கில் போட்டவரோ நாளைக் காலையே வந்து கேட்கலாம். நாளை தர வேண்டிய பணத்தை வாங்கிப் பதினைந்து வருடத்துக்குக் கொடுப்பதுதான் வங்கித் தொழில். எவ்வளவு நேர்மையான வங்கியாக இருந்தாலும், போட்ட எல்லோரும் ஒரே நாளில் வந்து நின்றால் தர முடியாது.

கடன்களில் சில திரும்பாது. அந்த நஷ்டம் டெபாசிட்காரர் தலையில் விழக் கூடாது என்பதற்காக, வங்கியின் உரிமையாளர்கள் தங்கள் சொந்தப் பணத்தை அடியில் போட்டிருக்க வேண்டும். அதுதான் மூலதனம். கடன் எவ்வளவு ஆபத்தானதோ அதற்கேற்ப எடை கொடுத்து, அந்த எடையிட்ட தொகைக்கு எதிராக மூலதனத்தை அளப்பார்கள். அரசுப் பத்திரத்துக்கு எடை பூஜ்யம். வீட்டுக் கடனுக்குக் குறைவு. அடமானம் இல்லாத தனிநபர் கடனுக்கு அதிகம். 2023 நவம்பரில் நாடு முழுவதும் செல்போன் வழியாகச் சின்னக் கடன்கள் பெருகியபோது, ரிசர்வ் வங்கி அந்த வகைக் கடன்களின் எடையை 100 சதவீதத்திலிருந்து 125 ஆக உயர்த்தியது. கடன் கொடுக்காதே என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை; கொடுத்தால் உன் சொந்தப் பணத்தை இன்னும் கூடுதலாக வை என்றது. கட்டுப்பாடு பெரும்பாலும் இப்படித்தான் வேலை செய்கிறது.

உலக அளவில் பாசெல் விதிகள் சொல்லும் குறைந்தபட்ச மூலதனம் 8 சதவீதம். இந்தியாவில் 9. அதற்கு மேல் கஷ்ட காலத்துக்கென 2.5 சதவீதம் தனியாக. 11.5 என்பது மேலோட்டமாகச் சின்ன எண் போலத் தெரியும். ஒரு வங்கி பிழைப்பதும் சாவதும் அந்த எண்ணில்தான் இருக்கிறது. கரூர் வங்கி ஒன்றின் கதையில் அதைப் பின்னால் பார்க்கலாம்.

இந்தக் காவல் இல்லாத காலத்தை மதராஸ் நன்றாகவே அனுபவித்திருக்கிறது. 1906 அக்டோபரில் ஆர்பத்நாட் கம்பெனி பணம் தர முடியாது என்று கதவை மூடியது. மதராஸின் மிகப் பெரிய வணிக நிறுவனங்களில் ஒன்று அது. ஓய்வுபெற்ற உத்தியோகஸ்தர்கள், விதவைகள், கோயில்கள், ஜமீன்கள் என்று பலரின் பணமும் அதில் இருந்தது. சர் ஜார்ஜ் ஆர்பத்நாட் சிறைக்குப் போனார்; பணம் முழுதாகத் திரும்பவில்லை. அந்தக் காயத்திலிருந்து, வழக்கறிஞர் வி. கிருஷ்ணசாமி ஐயர் முன்னின்று 1907 ஆகஸ்டில் இந்தியன் வங்கி பிறந்தது. சொந்த வங்கி கிடைத்தது. வங்கிகளுக்கு மேல் கண்காணிப்பு இன்னும் கிடைக்கவில்லை.

ரிசர்வ் வங்கி 1935 ஏப்ரல் 1 அன்று வேலையைத் தொடங்கியது. மூன்றே வருடத்தில், 1938 ஜூனில், திருவிதாங்கூர் நேஷனல் அண்ட் குயிலோன் வங்கி சரிந்தது. தென்னிந்தியாவின் பெரிய வங்கிகளில் ஒன்று. கவுன்ட்டர் முன் கூட்டம் கூடியபோது ரிசர்வ் வங்கியிடம் நோட்டு அச்சிடும் அதிகாரம் இருந்தது. ஒரு வங்கியின் பேரேட்டைத் திறந்து பார்த்து, முன்கூட்டியே திருத்தும் அதிகாரம் இல்லை. நோயாளி மயங்கி விழுந்த பிறகு கூப்பிடப்பட்ட வைத்தியர் நிலைமை.

அந்த அதிகாரத்தைக் கொடுத்தது 1949 மார்ச் 16 அன்று நடைமுறைக்கு வந்த வங்கிகள் சட்டம். இன்று வங்கி ஒழுங்குமுறைச் சட்டம் என்று பெயர். அதன் 22ஆம் பிரிவின்படி உரிமம் இல்லாமல் யாரும் வங்கி நடத்த முடியாது. 35ஆம் பிரிவின்படி ரிசர்வ் வங்கி எந்த வங்கிக்குள்ளும் நுழைந்து கணக்கைச் சோதிக்கலாம். 35ஏ பிரிவின்படி இதைச் செய், இதைச் செய்யாதே என்று கட்டளையிடலாம். 45ஆம் பிரிவின்படி, மத்திய அரசிடம் விண்ணப்பித்து, தள்ளாடும் வங்கியின் கொடுக்கல் வாங்கலை நிறுத்திவைத்து வேறொன்றுடன் இணைக்கலாம். இன்னொரு பிரிவு நம் கதைக்கு முக்கியம். ஏழாவது பிரிவு. உரிமம் இல்லாத நிறுவனம் தன் பெயரில் ‘பேங்க்’ என்ற சொல்லைப் போட்டுக்கொள்ளக் கூடாது. பலகையில் இருக்கும் அந்த ஒரு சொல்லுக்கு ஒரு முழுச் சட்டத்தின் பாரம் இருக்கிறது.

இனி கரூர்.

லட்சுமி விலாஸ் வங்கி 1926இல் கரூரில் வி.எஸ்.என். ராமலிங்கம் செட்டியாரும் அவருடன் சேர்ந்த வியாபாரிகளும் தொடங்கியது. நெசவுக்கும் விவசாயத்துக்கும் சின்ன வியாபாரத்துக்கும் கடன் கொடுத்து வளர்ந்த வங்கி. 1958இல் ரிசர்வ் வங்கியின் உரிமம் பெற்றது. கொங்கு நாட்டிலும் காவிரிக் கரையிலும் பல வீடுகளில் அப்பா கணக்கு வைத்திருந்த வங்கியில்தான் பிள்ளையும் கணக்குத் தொடங்குவார். அந்த நம்பிக்கைக்குக் காரணம் இருந்தது; கடன் வாங்குகிறவரை மேலாளருக்கு முகம் பார்த்துத் தெரியும்.

பிறகு வங்கி பெரிய நிறுவனங்களுக்குப் பெரிய கடன்கள் கொடுக்கப் போனது. அவை திரும்பவில்லை. தவணை 90 நாள் தாண்டியும் கட்டப்படாவிட்டால் அந்தக் கடனை வாராக்கடன் என்று எழுத வேண்டும். 2020 மார்ச் முடிவில் அந்த வங்கி கொடுத்த ஒவ்வொரு 100 ரூபாய்க் கடனிலும் 25 ரூபாய்க்கு மேல் வாராக்கடன். மேலே சொன்ன 11.5ஐ இப்போது நினைத்துப் பாருங்கள். அடியில் இருக்க வேண்டிய சொந்தப் பணம் பத்துக்குக் கொஞ்சம் மேல். வராமல் போனது இருபத்தைந்து. வாராக்கடன் எல்லாமே முழு நஷ்டமாகிவிடாது. அடமானத்தை விற்றால் ஒரு பகுதி வரும். இருந்தாலும் இந்தக் கணக்கு எங்கே போய் முடியும் என்று யாருக்கும் புரியும். மூலதன விகிதம் 2019 மார்ச்சில் 7.72 சதவீதமாக இருந்தது. ஒரு வருடத்தில் 1.12. அடுத்த செப்டம்பரில் பூஜ்யத்துக்குக் கீழே, மைனஸ் 2.85. அதாவது உரிமையாளர்கள் போட்டதெல்லாம் கரைந்து, நஷ்டம் டெபாசிட்காரர் பணத்தின் விளிம்பைத் தொட்டுவிட்டது.

ரிசர்வ் வங்கி தூங்கிக்கொண்டிருக்கவில்லை. 2019 செப்டம்பரிலேயே இந்த வங்கியை ‘உடனடித் திருத்த நடவடிக்கை’ என்ற கட்டுக்குள் கொண்டுவந்துவிட்டது. நிகர வாராக்கடன் கூடுதல், மூலதனம் போதவில்லை, தொடர்ந்து இரண்டு வருடம் நஷ்டம் என்று காரணங்களும் சொல்லப்பட்டன. இந்தக் கட்டுக்குள் வந்த வங்கி பங்காதாயம் கொடுப்பதற்கும் புதுக் கிளை திறப்பதற்கும் ஆபத்தான கடன் கொடுப்பதற்கும் வரம்புகள் வந்துவிடும். ஒரு வீட்டுக்கடன் நிறுவனத்துடன் இணைய வங்கி கேட்ட அனுமதியை 2019 அக்டோபரில் ரிசர்வ் வங்கி மறுத்தது. வேறு முதலீட்டாளர்களைத் தேடிய முயற்சியும் கூடிவரவில்லை. 2020 செப்டம்பர் 25 அன்று நடந்த ஆண்டுக் கூட்டத்தில் பங்குதாரர்களே தலைமை நிர்வாகி உட்பட ஏழு இயக்குநர்களை ஓட்டுப் போட்டு வெளியே அனுப்பினார்கள். வங்கியை நடத்த மூன்று பேர் கொண்ட குழு வந்தது.

அந்த வருடம் தீபாவளி நவம்பர் 14. மூன்று நாள் கழித்து, நவம்பர் 17 செவ்வாய்க்கிழமை மாலை 6 மணி முதல், வங்கியின் கொடுக்கல் வாங்கல் நிறுத்திவைக்கப்பட்டது. ஒரு மாதத்துக்கு ஒருவர் மொத்தமாக 25,000 ரூபாய்தான் எடுக்கலாம். தினம் 25,000 இல்லை. அந்த ஒரு மாதம் முழுவதற்கும் 25,000. மருத்துவச் செலவு, படிப்பு, கல்யாணம் என்றால் தனி அனுமதி பெற்று 5 லட்சம் வரை. சரக்கு கொடுத்தவருக்குச் செக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்த கடைக்காரருக்கு அந்த இரவு எப்படிப் போயிருக்கும்? அவரிடம் தப்பு எதுவும் இல்லை. நல்ல வங்கி என்று அப்பா சொன்னதை நம்பியதைத் தவிர அவர் ஒன்றும் செய்யவில்லை.

பத்தே நாளில் கதை முடிந்தது. கனரா வங்கியின் முன்னாள் தலைவர் டி.என். மனோகரன் நிர்வாகியாக வந்தார். நவம்பர் 25 அன்று மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. 27ஆம் தேதி முதல் கரூர் வங்கியின் கிளைகள் எல்லாம் சிங்கப்பூர் டிபிஎஸ் குழுமத்தின் இந்திய வங்கியின் கிளைகளாயின. டிபிஎஸ் புதிதாக 2,500 கோடி ரூபாய் மூலதனம் கொண்டுவந்தது. சுமார் 20,000 கோடி ரூபாய் டெபாசிட்டில் யாருக்கும் ஒரு ரூபாய் குறையவில்லை. 25,000 வரம்பும் அன்றே போய்விட்டது.

பங்கு வைத்திருந்தவர்களுக்கு? எதுவும் இல்லை. பங்குகள் முழுதாக ரத்து. 318 கோடி ரூபாய் மதிப்புள்ள கடன் பத்திரங்களும் பூஜ்யமாயின. மூன்று தலைமுறையாகப் பங்கு வைத்திருந்த கரூர்க் குடும்பங்கள் கொதித்தன, நீதிமன்றம் போயின. சட்டத்தின் தர்க்கம் கறாரானது: லாபம் வந்த வருடங்களில் பங்காதாயம் வாங்கியவர் நஷ்டத்தையும் முதலில் ஏற்க வேண்டும், டெபாசிட்காரர் கடைசியில்தான் தொடப்பட வேண்டும். அந்த வரிசை சரி. ஆனால் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. கட்டுக்குள் கொண்டுவந்த நாளிலிருந்து மூடிய நாள் வரை சுமார் பதினான்கு மாதம். மூலதனம் கண்ணெதிரே உருகியது. நோயை முன்பே கண்டுபிடித்த காவல்காரர் மாற்று வழியை முன்பே தேடியிருந்தால், கொஞ்சமாவது மூலதனம் மிஞ்சியிருந்த வங்கியை விற்றிருக்கலாம். சின்னப் பங்குதாரர்களுக்கும் ஏதாவது கிடைத்திருக்கும். டெபாசிட்டைக் காப்பாற்றியதில் ரிசர்வ் வங்கிக்கு முழு மதிப்பெண் கொடுக்கலாம். நேரத்தைக் கையாண்டதில் கொடுக்க முடியாது.

பெங்களூருக்கு வருவோம். அதே 2020, ஜனவரி. பசவனகுடியின் ஸ்ரீ குரு ராகவேந்திர சஹகார வங்கியின் மீது ரிசர்வ் வங்கி 35ஏ கட்டளை பிறப்பித்தது. ஒருவர் 35,000 ரூபாய்க்கு மேல் எடுக்கக் கூடாது. இங்கே வரிசையில் நின்றவர்களில் ஓய்வுபெற்றவர்கள் நிறைய. பணிக்கொடையும் வருங்கால வைப்பு நிதியும் சேர்ந்த மொத்தத்தை, மாதவட்டியில் குடும்பம் நடத்த, நம்பிக்கையோடு ஒரே இடத்தில் போட்டிருந்தவர்கள். கடன் கணக்குகளில் மோசடி என்று வழக்குப் பதிவானது. வேலியே பயிரை மேய்ந்தால் என்ன ஆகும் என்பதை ஒரு நகரம் முழுதும் பார்த்தது.

கரூர் வங்கி பத்து நாளில் மீண்டபோது இந்த வங்கியின் டெபாசிட்காரர்கள் ஏன் மாதக்கணக்கில் காத்திருந்தார்கள்? விடை அரசியலமைப்பில் இருக்கிறது. வங்கித் தொழில் மத்தியப் பட்டியலில். கூட்டுறவுச் சங்கங்களோ மாநிலப் பட்டியலில், 32ஆம் இனம். ஆகவே கூட்டுறவு வங்கிக்கு இரண்டு எஜமானர்கள். 1966 மார்ச் முதல் அதன் வங்கி வேலையை ரிசர்வ் வங்கி பார்த்தது. நிர்வாகக் குழு, தேர்தல், கலைப்பு எல்லாம் மாநிலக் கூட்டுறவுப் பதிவாளர் கையில். இரண்டு பேர் பார்க்கும் வீட்டை யாரும் முழுதாகப் பார்ப்பதில்லை. 2019 செப்டம்பரில் மும்பையின் பிஎம்சி கூட்டுறவு வங்கி விழுந்தபோது, பணம் எடுக்க விதித்த முதல் வரம்பு வெறும் 1,000 ரூபாய். நாடு அதிர்ந்தது. 2020இல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி, கூட்டுறவு வங்கிகளின் நிர்வாகக் குழுவை மாற்றவும் இணைப்புத் திட்டம் போடவும் ரிசர்வ் வங்கிக்குக் கூடுதல் அதிகாரம் கொடுத்தது.

இன்னொரு நல்ல விளைவு காப்பீட்டில் வந்தது. 1960இல் கேரளத்தின் பாலாய் சென்ட்ரல் வங்கி மூடப்பட்ட அதிர்ச்சிக்குப் பிறகு, 1962 ஜனவரி 1 முதல் இந்தியாவில் டெபாசிட் காப்பீடு இருக்கிறது. அமெரிக்காவுக்கு அடுத்தபடியாக இதைக் கொண்டுவந்த நாடு நம்முடையது. அன்றைய வரம்பு 1,500 ரூபாய். 1993இல் ஒரு லட்சம். அதன் பிறகு இருபத்தாறு வருடத்துக்கு மேல் யாரும் அதைத் தொடவில்லை. 2020 பிப்ரவரி 4 முதல்தான் 5 லட்சம். முன்பெல்லாம் வங்கி கலைக்கப்பட்ட பிறகுதான் பணம் வரும். அதற்குள் வயதானவர்கள் சிலர் போய்ச்சேர்ந்துவிடுவார்கள். 2021 செப்டம்பர் முதல், ரிசர்வ் வங்கி கட்டுப்பாடு விதித்த 90 நாளுக்குள் காப்பீட்டுத் தொகை கிடைக்க வேண்டும் என்று சட்டம். அந்தத் திருத்தத்தால் பயன்பெற்ற முதல் வங்கிகளின் பட்டியலில் பசவனகுடி வங்கியும் இருந்தது. 5 லட்சத்துக்கு உள்ளே வைத்திருந்தவர்கள் மூச்சு விட்டார்கள். அதற்கு மேல் வைத்திருந்தவர்களின் காத்திருப்பு நீண்டது. பிஎம்சி வங்கியை யூனிட்டி சிறுநிதி வங்கியுடன் இணைத்த திட்டத்திலும், பெரிய டெபாசிட்காரர்களில் சிலர் முழுத் தொகையைப் பெறப் பத்து வருடம் காத்திருக்க வேண்டும்.

இந்தக் காப்பீட்டுக்குப் பிரீமியம் கட்டுவது வங்கி, நாம் இல்லை. கேட்டு வாங்க வேண்டியதும் இல்லை. ஆனால் கணக்கு ஒன்று புரிந்திருக்க வேண்டும். ஒரு வங்கியின் அத்திபெலே கிளையில் 3 லட்சமும் ஓசூர்க் கிளையில் 4 லட்சமும் ஒரே பெயரில் வைத்திருந்தால், காப்பீட்டுக்கு அது 7 லட்சம், கிடைப்பது 5. வட்டியும் இந்த 5 லட்சத்துக்குள்தான். இரண்டு வெவ்வேறு வங்கிகளில் வைத்திருந்தால் இரண்டுக்கும் தனித்தனிப் பாதுகாப்பு.

காவல்காரர் தனக்குத் தெரிந்ததை ஊருக்குச் சொல்ல வேண்டாமா என்பது பெரிய விவாதம். ரிசர்வ் வங்கியின் சோதனை அறிக்கைகள் வெகுகாலம் ரகசியமாகவே இருந்தன. இன்ன வங்கி பலவீனம் என்று வெளியே தெரிந்தால் மறுநாள் வரிசை நிற்கும், பலவீனமான வங்கி செத்தே போகும் என்பது அவர்கள் வாதம். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் 2015 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் இந்த விவரங்களைக் கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. ரிசர்வ் வங்கியின் கடமை மக்களுக்கே தவிர தனித்தனி வங்கிகளுக்கு இல்லை என்பது அதன் சாரம். ரகசியம் காத்ததால் காப்பாற்றப்பட்ட வங்கிகள் இருக்கலாம். ரகசியத்தால் ஏமாந்த டெபாசிட்காரர்கள் இருந்தார்கள் என்பதற்கு பசவனகுடியும் பிஎம்சியும் சாட்சி.

காவல் இருந்தும் தவறுவது நம் ஊரில் மட்டும் நடப்பதில்லை. 2023 மார்ச் 9 அன்று அமெரிக்காவின் சிலிக்கான் வேலி வங்கியிலிருந்து ஒரே நாளில் 4,200 கோடி டாலர் வெளியேறியது. வரிசை எதுவும் நிற்கவில்லை. எல்லோரும் செல்போனில் எடுத்தார்கள். மறுநாள் வங்கி மூடப்பட்டது. தன் கண்காணிப்பாளர்கள் போதிய கடுமையோடு செயல்படவில்லை என்று அமெரிக்க மத்திய வங்கி அடுத்த மாதம் வெளியிட்ட அறிக்கையில் ஒப்புக்கொண்டது. இலங்கைத் தமிழர்களுக்கு வேறு ஒரு பாடம் நினைவிருக்கும். 2008 டிசம்பரில் கோல்டன் கீ என்ற கடனட்டை நிறுவனம் பணத்தைத் திருப்பித் தர முடியாமல் விழுந்தது. வங்கி அல்லாத அந்த நிறுவனத்தின் பயம், அதே குழுமத்தைச் சேர்ந்த செலான் வங்கிக்குத் தாவியது. வாடிக்கையாளர்கள் பணத்தை எடுக்க முண்டியடித்தார்கள். இலங்கை மத்திய வங்கி செலான் வங்கியின் நிர்வாகத்தை இலங்கை வங்கியிடம் ஒப்படைத்துத் தீயை அணைத்தது. காவலுக்கு வெளியே எரிந்த வீட்டின் நெருப்பு, காவலுக்கு உள்ளே இருந்த வீட்டுக் கூரையில் விழுந்த கதை அது.

அந்த வெளியைப் பற்றித்தான் அத்திபெலேயின் நான்கு பலகைகள் பேசுகின்றன.

முதல் இரண்டு பலகைகளின் பின்னால் ரிசர்வ் வங்கி நிற்கிறது, 5 லட்சம் காப்பீடும் நிற்கிறது. மூன்றாவது, கர்நாடகத்தின் 1997ஆம் ஆண்டு சௌஹார்த சஹகாரி சட்டத்தின் கீழ் பதிவான கடன் சங்கமாக இருக்கும். அது உறுப்பினர்களுக்குள் பணம் வாங்கிக் கொடுக்கும் சங்கம். வங்கி இல்லை, ரிசர்வ் வங்கி உரிமம் இல்லை, டெபாசிட் காப்பீடு இல்லை. ஒழுங்காக நடக்கும் சங்கங்கள் பல உண்டு. ஆனால் விழுந்தால் பிடிக்க வலை கிடையாது. 2021 நவம்பரில் ரிசர்வ் வங்கியே பொது அறிவிப்பு வெளியிட்டது: சில கூட்டுறவுச் சங்கங்கள் பெயரில் ‘பேங்க்’ போட்டுக்கொள்கின்றன, உறுப்பினர் அல்லாதவர்களிடமும் டெபாசிட் வாங்குகின்றன, இரண்டும் சட்ட விரோதம் என்று. எல்லைக்கு இந்தப் பக்கம் தமிழ்நாட்டில் ‘நிதி லிமிடெட்’ என்ற பலகை அதிகம். மயிலாப்பூர் இந்து பர்மனென்ட் ஃபண்ட் 1872 முதல் நடப்பது; அந்த மரபு கௌரவமானது. ஆனாலும் நிதி நிறுவனங்களின் பொறுப்பு கம்பெனி விவகார அமைச்சகத்திடம். அங்கேயும் காப்பீடு இல்லை. சீட்டுக்கு 1982ஆம் ஆண்டு மத்தியச் சட்டம், அதைச் செயல்படுத்துவது மாநிலப் பதிவாளர். பெரிய நகைக்கடன் நிறுவனங்களை ரிசர்வ் வங்கி கண்காணிக்கிறது. அவை கடன் பத்திரம் என்று நம்மிடம் பணம் வாங்கினால் அதற்கும் டெபாசிட் காப்பீடு பொருந்தாது.

இந்த நான்கிலும் சேராத ஐந்தாவது வகையும் உண்டு. 2019 ஜூனில் பெங்களூரின் ஐ மானிட்டரி அட்வைசரி நிறுவனர் தலைமறைவானபோது, பல ஆயிரம் குடும்பங்கள் சிவாஜிநகர் தெருவில் வந்து நின்றன. அங்கே பணம் போட்டவர்கள் சட்டப்படி டெபாசிட்காரர்கள்கூட இல்லை; கூட்டாளிகளாகச் சேர்க்கப்பட்டிருந்தார்கள். மதத்தின் பெயரால் வந்த நம்பிக்கை, உரிமம் எங்கே என்ற கேள்வியைக் கேட்கவிடவில்லை. தமிழ்நாட்டில் ஆருத்ரா கோல்டு நிறுவனம் மாதா மாதம் பெருந்தொகை தருவதாகச் சொன்னபோதும் அந்தக் கேள்வி எழவில்லை. பணம் போன பிறகு அந்தப் பக்கம் கர்நாடகத்தின் 2004ஆம் ஆண்டு டெபாசிட்காரர் பாதுகாப்புச் சட்டம், இந்தப் பக்கம் தமிழ்நாட்டின் 1997ஆம் ஆண்டுச் சட்டம் என்று போலீஸும் நீதிமன்றமும் வரும். சொத்தை முடக்கி, ஏலம் விட்டு, பங்கு போட்டுக் கொடுக்க வருடங்கள் ஆகும். முழுத் தொகை திரும்பியவர்கள் அபூர்வம்.

ஓசூர்–அத்திபெலே சாலையில் தினம் போய் வருகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை யாராவது கூடுதல் வட்டி சொன்னால், ரசீதில் அச்சிட்ட பெயரை நிதானமாகப் படியுங்கள். அதில் ‘பேங்க்’ இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், டெபாசிட் காப்பீட்டுக் கழகத்தின் இணையதளத்தில் காப்பீடு பெற்ற வங்கிகளின் பட்டியல் முழுதாக இருக்கிறது. அந்தப் பெயர் அதில் உள்ளதா என்று வீட்டில் படித்த பிள்ளையை விட்டுத் தேடச் சொல்லுங்கள். ஐந்து நிமிஷ வேலை. பெயர் இல்லையென்றால் பணத்தைக் கொடுக்காமல் எழுந்து வந்துவிடுங்கள். பெயர் இருந்தாலும், ஒரே வங்கியில் ஒரே பெயரில் 5 லட்சத்துக்கு மேல் சேர விடாதீர்கள்.